தலையை எண்ணிப் பங்கிடுதல்

காவிரிப் பாலத்தின் நடுவில் நின்று நோக்கினால் தெற்கே மலைக்கோட்டையும் வடக்கே அரங்கன் கோபுரமும் ஒருங்கே தோன்றும். திருச்சிராப்பள்ளியின் நகரசபை 1866-இல் ஏற்பட்டது, ஸ்ரீரங்கத்தினுடையது 1871-இல். 1994-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் அடங்கின.

மாணவ நேயர்களே, வீட்டுவரி ஒன்றைக் கொண்டே எந்த நகரசபையும் விளக்கும் சாக்கடையும் அமைத்துவிட இயலாது. அரசாங்கம் தன் வருமானத்தில் ஒரு பங்கை அளித்தாக வேண்டும். தலைகளை எண்ணிக் கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். ஆனால் எந்த ஆண்டில் எண்ணிய தலைகள்? திருச்சிராப்பள்ளியில் 1891-இல் 90,609 பேர். 1901-இல் 1,04,721 பேர். 1900-ஆம் ஆண்டில் ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் பங்கிட்டிருந்தால், ஏறக்குறையப் பன்னிரண்டாயிரம் பேர் தெருவில் நடமாடியும் ஏட்டில் இல்லாதவர்களாகவே இருந்திருப்பார்கள்.

இத்தனைக்கும் சென்னை மாகாணத்தில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை குடிகளை எண்ணிய காலம் உண்டு. 1851-52 முதல் 1866-67 வரை நான்கு முறை அவ்வாறு எண்ணினார்கள். நகரசபைகளுக்குப் பங்கு கொடுப்பதற்காக அன்று. நகரசபைகளே அப்போதுதான் முளைவிட்டன. 1871 முதல் பத்தாண்டு முறை நிலைபெற்றது. பங்கீட்டின் தேவை வளர்ந்தபோது அதற்கேற்ற கணக்கு மறைந்துபோயிருந்தது!

1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள், உள்ளாட்சிகளுக்குரிய பங்கை ஆராய ஐந்தாண்டுக்கு ஒரு மாநில நிதிக் குழுவை விதித்தன. குழுவுக்கு ஐந்தாண்டு, குடிமதிப்புக்குப் பத்தாண்டு. ஆகவே ஒன்றுவிட்டு ஒரு குழுவேனும் ஆறிப்போன கணக்கைத்தான் கையாள நேரும். ஆஸ்திரேலியா 1961 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எண்ணி வருகிறது. அமெரிக்கா 1985-இல் ஓர் இடைக்கணக்கு எடுக்க 1976-இல் சட்டம் இயற்றியும், பணம் ஒதுக்காமல் விட்டுவிட்டது.

பழைய கணக்கை வேண்டுமென்றே கொண்டதும் உண்டு. 1995 முதல் 2000 வரைக்குரிய பத்தாவது மத்திய நிதிக் குழு, கிராமவாசி ஒருவருக்கு நூறு ரூபாய் வீதம் பஞ்சாயத்துகளுக்கு அளிக்கச் சொன்னது; எண்ணிக்கையோ 1971-க்கு உரியது. 1991-இன் கணக்கு அப்போது கைவசம் இருந்தது. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் அதற்காகவே நஷ்டப்படலாகாது என்னும் வாதம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. மாநிலங்களுக்கிடையே அது நியாயந்தான். ஒரே மாநிலத்தின் ஊர்களுக்கிடையே அதே ஏட்டைப் பிரித்தால், புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த புறநகருக்கு அது அநியாயமாகும் என்பது என் கருத்து.

ஐந்தாண்டுக் கணக்கும் தீர்க்காத சங்கடம் ஒன்று ஸ்ரீரங்கத்துக்கு உண்டு. வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசலுக்கு வரும் பெருங்கூட்டம் குடிமதிப்பில் தத்தம் ஊரிலேயே எண்ணப்படுகிறது. அவர்கள் போன மறுநாள் வீதிகளைக் கூட்டும் செலவு இவ்வூரைச் சேர்கிறது.