தமிழ்ஒளியை யார் குரலில் கேட்பது?
தொழிலாளர் கவிதையும் இலவச ஒலிநூலும்: வெண்மணி நினைவுநாள் உரையின் எழுத்து வடிவம்



1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்த 'குற்றம்'. இந்தச் செய்தி நம் தலைமுறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பார்ப்போம். தீர்ப்பின் நகலைப் படித்தவர்கள் நம்மில் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அது பாட்டாகவும் நாடகமாகவும் மேடைப் பேச்சாகவும் காது வழியேதான் வந்தது. வெண்மணி பேசப்படும் மேடைகளில் ஒலிக்கும் 'மனுசங்கடா'வை எழுதியவர் இன்குலாப். கீழக்கரை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தமிழ்ப் பேராசிரியர். அதைப் பாடிப் பரப்பியவர் கே.ஏ. குணசேகரன்; சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த தலித் கலைஞர். 2016 ஜனவரியில் குணசேகரனையும் அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாபையும் இழந்தோம். அந்தப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன கேசட்டை ஓட்ட இன்று நம் வீடுகளில் கருவி இல்லை.

கேசட்டின் இடத்தில் எதை வைப்பது? தொழிலாளர்களின் எதிர்ப்புக் கவிதைகளைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து, யாரும் காசில்லாமல் கேட்கும் ஒலிநூலாக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் நின்றுகொண்டு பேசுகிறோம்.

1. யாருடைய நிலம், யாருடைய குரல்

இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். இங்குள்ள பறையர்களின் நிலைமையைக் குறித்து 1891-இல் ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான், 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. நம் முன்னோர்களின் குடிசையையும் கூலியையும் கடனையும் பதிவுசெய்த முக்கியமான ஆவணம் அது. ஆனால் அதில் பேசுவது ஆட்சியர். ஏர் ஓட்டியவரும் நாற்று நட்டவரும் அதில் பேசப்படுகிறார்கள்.

நூறு ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் ஆலைகள் வந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. நோக்கியா 2006-இல் வந்து, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போனது. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலைசெய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. அது 2025 ஜனவரியில்தான் நிறைவேறியது.

இவை அனைத்தும் செய்தித்தாளில் இருக்கின்றன. லைனில் நின்றவர் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து எழுதிய நான்கு வரி எங்கே இருக்கிறது? கைப்பேசியின் குறிப்புப் பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. கைப்பேசி தொலைந்தால் அதுவும் தொலைந்தது.

2. காதால் படித்த காலம்

ஒலிநூல் புதிய நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் மௌனமாகப் படிப்பதுதான் புதிய பழக்கம். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை விற்றவரே பாடி விற்றார். கொலைச் சிந்து, ரயில் விபத்து, வெள்ளம், வரி என்று எல்லாமே பாட்டாயின. எழுத்துத் தெரிந்த ஒருவர் இருந்தால் தெருவுக்கே போதும். ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு ஆராய்ந்தது இந்த உலகத்தைத்தான்.

தொழிற்கூடத்தில் வாசித்துக் காட்டுவதற்கும் வரலாறு உண்டு. கியூபாவின் ஹவானாவில் 1865-இல் சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்திக்கொண்டார்கள். கை புகையிலையைச் சுருட்ட, காது பத்திரிகையையும் நாவலையும் கேட்டது. அடுத்த ஆண்டே அரசு அந்த வாசிப்பைத் தடைசெய்தது. கேட்பவர் யோசிக்கத் தொடங்குவார் என்பது முதலாளிகளுக்கும் ஆளுநருக்கும் தெரிந்திருந்தது. நமக்குப் பக்கத்தில் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் இதையே செய்தார்கள். ஒருவர் செய்தித்தாளைப் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கேரளத்தின் இடதுசாரி அரசியலில் அந்தப் பீடிக்கூடங்களுக்குப் பெரிய பங்குண்டு.

பீடி சுற்றும் இடத்தில் வாசிக்க முடிந்தது. கார் ஆலையின் லைனில் அது முடியாது. இரைச்சல் இருக்கிறது, நொடிக் கணக்கு இருக்கிறது, பல இடங்களில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆகவே இங்கே கேட்கும் நேரம் என்பது கம்பெனி பஸ்ஸில் போகும் நேரமும் விடுதிக் கட்டிலில் படுத்திருக்கும் நேரமும்தான். கண் சோர்ந்து புத்தகத்தைப் பிடிக்க மறுக்கும் நேரம் அது. ஒலிநூல் பொருந்துகிற இடமும் அதுவே.

3. பாட்டும் பிரிந்த கதை

'தொழிலாளர் கவிதை' என்று சொன்னவுடன் எல்லோரும் ஒரே குரலில் பாடியதாக எழுதிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அது பெருமைக்குரிய வரலாறு. மூன்றே ஆண்டில், 1921-இல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம், ஆதிதிராவிடர்கள் மறுபுறம் என்று தொழிலாளர்கள் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்தலாம் என்று பேசப்பட்டபோது எம்.சி. ராஜா எதிர்த்து நின்றார். ஒரே ஆலையில் வேலைசெய்தவர்கள் ஒரே சேரியில் வாழவில்லை என்பதைச் சங்க வரலாறுகள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. கவிதைத் தொகுப்புகளும் கடந்துவிடக் கூடாது.

இலங்கை மலையகத்தில் வேறொரு படிப்பினை இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். 1930-களில் கோ. நடேசய்யர் அங்கே தொழிலாளர் சம்மேளனம் கட்டியபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். பேச்சுக்கு வராத கூட்டம் பாட்டுக்கு வந்தது. அவர் பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டார். அதனால் அவர் பெயர் நிற்கிறது. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கும்போது கட்டிய பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அச்சுக்குப் போன பாட்டுக்கு ஆசிரியர் உண்டு. வாயில் இருந்த பாட்டுக்கு 'நாட்டுப்புறம்' என்ற பொதுப்பெயர்தான். 2005 முதல் நூலகம் என்ற தன்னார்வ அமைப்பு ஈழத்து, மலையக ஆவணங்களை எண்ணிமமாக்கி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒழுங்கு: எது, யாருடையது, எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதும் பொறுமை.

4. சட்டம் திறக்கும் கதவு

அதே 2005-இல் கனடாவின் மொன்றியாலில் ஹியூ மெக்கையர் தொடங்கியது லிப்ரிவாக்ஸ். உலகெங்கும் தன்னார்வலர்கள் உரிமைக்காலம் முடிந்த நூல்களை வாசித்து, அந்த ஒலிப்பதிவையும் பொதுச்சொத்தாக விட்டுவிடுகிறார்கள். அங்கே வாசிப்பவரைக் குரல்தேர்வு வைத்து வடிகட்டுவதில்லை. ஒரு நிமிடச் சோதனைப் பதிவு கேட்பார்கள். அது ஒலிவாங்கியும் ஒலி அளவும் சரியா என்று பார்ப்பதற்கு மட்டும். இன்னொரு தன்னார்வலர் முழுதும் கேட்டுப் பிழை குறித்துத் தருவார். உச்சரிப்பு எந்த ஊருடையதாக இருந்தாலும் ஏற்பார்கள்.

ஒரு தடை உண்டு. அவர்கள் அமெரிக்கச் சட்டப்படி உரிமைக்காலம் முடிந்த நூல்களை மட்டுமே ஏற்பார்கள். இந்தியச் சட்டக் கணக்கு வேறு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-இலிருந்து 60 ஆண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இலும், ஜீவா 1963-இலும், பாரதிதாசன் 1964-இலும் மறைந்தார்கள். இந்தக் கணக்குப்படி மூவர் எழுத்துக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பட்டுக்கோட்டையாரின் வரியை நாம் வாசிக்கலாமே தவிர, சினிமா இசைத்தட்டை எடுத்து ஒட்ட முடியாது. வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை தனித்தனி.

அடுத்து வருபவர் தமிழ்ஒளி. இந்த உரையின் காரணமே அவர்தான். 1924-இல் தென்னார்க்காட்டின் ஆடூரில் தலித் குடும்பத்தில் விஜயரங்கமாகப் பிறந்தவர். புதுச்சேரியில் வளர்ந்து, பாரதிதாசனிடம் பயின்று, பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்து, மே தினத்தைத் தமிழ்க் கவிதைக்குள் கொண்டுவந்தவர்களில் முன் நின்றவர். 1947-இலேயே 'வீராயி' என்ற காவியத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணைத் தலைவியாக்கினார். 1965 மார்ச் 29 அன்று 40 வயதில் மறைந்தார். நண்பர் செ.து. சஞ்சீவி தேடித் தேடிப் பதிப்பித்திராவிட்டால் அவர் எழுத்தில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. 2025 டிசம்பர் 31-உடன் அவர் எழுத்தின் 60 ஆண்டு முடிகிறது. வரும் ஜனவரி 1 முதல் யாரும் யாரிடமும் கேட்காமல் அவர் கவிதையை வாசித்துப் பதிவுசெய்யலாம். அவர் மறைவுக்குப் பிறகே முதன்முதலாக அச்சேறியவற்றுக்கு மட்டும் அச்சான ஆண்டிலிருந்து கணக்கு. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

யாரும் பதிவுசெய்யலாம் என்றால் வானொலித் தமிழில் பயிற்சி பெற்ற இனிய குரல்களும் பதிவுசெய்யும். செய்யட்டும். ஆனால் 'வீராயி'யை முதலில் யார் வாசிக்க வேண்டும்? சுங்குவார்சத்திரத்து விடுதியில் தங்கியிருக்கும் விழுப்புரத்துப் பெண்ணோ திருவண்ணாமலைப் பெண்ணோ வாசிக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அவருடைய ழகரம் எப்படி இருந்தாலும் அது காவியத்தின் ழகரம்தான்.

5. உயிரோடிருப்பவர்களின் கவிதை

சட்டம் திறக்கும் கதவு இறந்தவர்களுக்கானது. 60 ஆண்டு காத்திருக்க முடியாத கவிதை ஒன்று இருக்கிறது. சீனாவின் ஷென்சென் நகர் பாக்ஸ்கான் ஆலையில் வேலைசெய்த சூ லிஷி, லைனைப் பற்றியும் இரவு ஷிப்டைப் பற்றியும் எழுதினார். 2014 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கதவடைத்தது அதற்கு அடுத்த மாதம் முடிந்த மறுநாள். அவர் கவிதைகள், அவர் இறந்த பிறகு, பலரும் பணம் போட்டு நூலாக வந்தன. பல மொழிகளில் பேசப்பட்டார். அதே நிறுவனத்தின் ஆலை நம் பக்கத்திலும் இருக்கிறது. எழுதுகிறவர் இறந்த பிறகுதான் நாம் தேடிப் போக வேண்டுமா?

இங்கேதான் நம்மை உறுத்தும் முரண்பாடு வருகிறது. நம் வரலாறு முழுவதும் பெயர் பறிபோன வரலாறு. கொழுந்து பறித்த பெண்களின் கதையைச் சொன்னோம். அதனால் ஒவ்வொரு கவிதைக்கும் பெயர் வேண்டும் என்கிறோம். ஆனால் டிரெய்னியாகவோ காண்ட்ராக்டிலோ இருக்கும் ஒருவர் பெயரோடு கவிதை வந்தால், அடுத்த மாதம் அவருக்கு கேட் பாஸ் இருக்காது. குரலே அடையாளம். பெயரை மறைத்தாலும் சூப்பர்வைசருக்குக் குரல் தெரியும்.

ஆகவே மூன்று ஒழுங்குகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: உயிரோடிருக்கும் கவிஞரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எதையும் பதிவுசெய்யக் கூடாது. பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். வெளியே பரவிவிட்ட நகலை நம்மால் திரும்பப் பெற முடியாது என்பதையும் ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது: பெயரை வெளியிடுவதா, புனைபெயரா, வேறொருவர் குரலா என்பதைக் கவிஞரே முடிவுசெய்வார். அவர் கவிதையை வேறு ஆலையில் இருப்பவர் வாசிக்கலாம். உண்மைப் பெயரும் ஊரும் எழுதிய நாளும் காகிதத்தில், இணையத்துக்கு வெளியே, பொறுப்பானவர்களிடம் இருக்க வேண்டும். வெளியிடலாம் என்று அவர் சொல்லும் நாளில் வெளிவரும். இன்று பாதுகாப்பு, நாளை வரலாறு என்று இரண்டையும் காப்பாற்ற நமக்குத் தெரிந்த வழி இது.

மூன்றாவது: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து அறையில் தங்கியிருப்பவரும் எழுதுகிறார். அவர் மொழியில் அவரே வாசிக்கட்டும். கூடவே தமிழாக்கமும் பதிவாகட்டும். 1921-இல் ஆலை வாசலில் நேர்ந்த பிளவு இன்று மொழியின் பேரால் நேர்வதை நாம் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

வேலை பெரிதல்ல. மின்விசிறியை அணைத்து, போர்வையைத் தொங்கவிட்டு, கைப்பேசியிலேயே பதியலாம். லிப்ரிவாக்ஸ் வைத்திருக்கும் 128 கிலோபிட் அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 58 எம்பி. பேச்சுக்கு 32 கிலோபிட்டே போதும். கால்பங்கு டேட்டாவில் முடிந்துவிடும். இரண்டு அளவிலும் வைத்தால் ஒன்று காப்பகத்துக்கு, மற்றது கம்பெனி பஸ்ஸுக்கு.

மாணவ நண்பர்கள் பிழை பார்ப்பதையும் குறிப்பு எழுதுவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சங்கத் தோழர்கள் வாசிப்பவர்களை அழைத்து வாருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் தமிழ்ஒளியின் அச்சான நூல்களை, முதற்பதிப்பு ஆண்டோடு பட்டியலிடத் தொடங்குவோம். நான்கு மாதம் இருக்கிறது. அவர் மே தினத்துக்கு எழுதியதை மே 1 அன்று ஒரகடத்தில் வேலைக்குப் போகும் ஒருவர், வேலைக்குப் போகும் இன்னொருவரின் குரலில் கேட்க வேண்டும்.

வெண்மணித் தியாகிகளுக்கு நம் வீரவணக்கம்.