இறால், நண்டு ஒவ்வாமை: பெற்றோர் அறிய வேண்டியவை

இறால் ஆணம் ஊற்றிச் சாப்பிட்ட பிள்ளைக்குச் சற்று நேரத்தில் உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிப்பு எழும்புகிறது. "காணாக்கடி" என்கிறார் ஒருவர், "கண்ணேறு" என்கிறார் இன்னொருவர். மாலைக்குள் தடிப்பு அடங்கிவிடுகிறது. அடுத்த வாரம் மீண்டும் அதே ஆணம்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் இறாலும் நண்டும் வழக்கமான உணவு. ஆகவே, இந்த ஒவ்வாமையைப் பற்றி நாம் சரியாகத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

காரணம் என்ன?

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் சதையில் 'ட்ரோபோமயோசின்' என்னும் புரதம் உள்ளது. சில பிள்ளைகளின் நோய் எதிர்ப்பு ஆற்றல் இதைப் பகையாகக் கருதி எதிர்க்கிறது. அதுவே ஒவ்வாமை. இந்தப் புரதம் சூட்டில் அழிவதில்லை. எனவே, நன்றாக வேகவைத்தாலும் பொரித்தாலும் ஆபத்து நீங்காது. இறாலை எடுத்துவிட்டு ஆணத்தை மட்டும் ஊற்றுவதும் பாதுகாப்பல்ல.

"போன மாதம்வரை சாப்பிட்டானே!" என்று வியக்க வேண்டாம். முன்பு ஒத்துக்கொண்ட உணவு பிறகு ஒவ்வாமல் போவதுண்டு. பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். இறால் ஒவ்வாமையோ பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

எவற்றைத் தவிர்ப்பது?

இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நண்டும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. கணவாய், மட்டி, சிப்பி போன்றவை வேறு வகை. அவற்றைக் கொடுக்கலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மீன் ஒவ்வாமை இதிலிருந்து வேறுபட்டது. ஆனால், இறால் பொரித்த எண்ணெயில் மீனைப் பொரித்துக் கொடுக்கக் கூடாது. கூனிப்பொடி, இறால் வடை, சிப்பி சாஸ் சேர்த்த ஃப்ரைடு ரைஸ் ஆகியவற்றிலும் கவனம் தேவை. சிலருக்கு இறால் வேகும் ஆவி பட்டாலே மூச்சுத் திணறும்.

ஆபத்தின் அறிகுறிகள்

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தென்படும். வாய் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, வயிற்று வலி ஆகியவை பொதுவானவை. குரல் கம்முதல், விடாத இருமல், மூச்சுத் திணறல், உடல் வெளிறித் துவளுதல், மயக்கம் ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை.

இந்நிலையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. அது தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுகிறது. அரிப்புக்கான மாத்திரை தடிப்பைக் குறைக்குமே தவிர, அடைபடும் மூச்சைத் திறக்காது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை உடனே அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், அறிகுறிகள் மீண்டும் தோன்றலாம்.

சோதித்துப் பார்க்கலாமா?

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று வீட்டில் முயல வேண்டாம். முதல் முறை தடிப்போடு நின்றது என்பதால் அடுத்த முறையும் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வாமை மருத்துவர் தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்துவார். அவசரத்துக்கு ஊசி வைத்திருக்க வேண்டுமா, எப்படிப் போடுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணேறுக்கு ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழிதான். ஓதிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

விருந்துகளில்

ஒரே சஹனில் பலர் கைவைத்து உண்பது நம் அழகிய வழக்கம். ஆனால், பக்கத்தில் இருப்பவர் கையில் பட்ட இறால் மசாலாவே இந்தப் பிள்ளைக்குப் போதும். எனவே, தனித் தட்டு கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. விருந்து கொடுப்பவரும் "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்த வேண்டாம். ஹலாலான உணவு என்பதால் எல்லா உடலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. தனக்குத் தீங்கு என்று உறுதியாகத் தெரிந்ததை ஒருவர் உண்ணக் கூடாது என்பதே மார்க்கத்தின் நிலை.

பிள்ளையின் ஒவ்வாமையைப் பள்ளி ஆசிரியரிடமும் மதரஸா உஸ்தாதிடமும் இன்றே எழுதிக் கொடுங்கள்.