ஆங்கிலேயருக்கான முதல் ஸ்பானிய இலக்கணங்கள்

ஸ்பானிய மொழியின் முதல் அச்சு இலக்கணத்தை அந்தோனியோ தெ நெப்ரிகா 1492 ஆகஸ்டில் சலமான்கா நகரில் வெளியிட்டார். அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நூலின் ஐந்தாம் பகுதி, இம்மொழியைப் புதிதாகக் கற்கும் அயலாருக்கென எழுதப்பட்டது. ஆனால் ஆங்கிலத்தில் இம்மொழிக்கு முறையான இலக்கணம் வர மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது. அதுவும் இரு நாடுகளும் போரில் இருந்தபோது வந்தது.

அதற்கு வழிவகுத்தவர் ஓர் அகதி. செவில் அருகிலுள்ள மடத்தில் துறவியாக இருந்த அந்தோனியோ தெல் கோர்ரோ, சீர்திருத்தக் கிறித்தவக் கருத்துகளை ஏற்றதால் சமய விசாரணைக்கு அஞ்சி 1557இல் நாட்டைவிட்டுத் தப்பினார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் இறையியல் கற்பித்தார். ஸ்பானியம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளுக்கும் அவர் எழுதிய இலக்கண விதிகள் 1586இல் அங்கே அச்சாயின. ஜான் தோரியஸ் 1590இல் அதை ஆங்கிலமாக்கினார். மறு ஆண்டே ரிச்சர்ட் பெர்சிவலின் இலக்கணமும் அகராதியும் ஒரே நூலாக வெளிவந்தன. 1588இல் ஸ்பானிய அர்மடா கடற்படையிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட தளபதி பெத்ரோ தெ வால்தேஸ் அந்நூலுக்கு உதவினார். எதிரி நாட்டுக் கைதியே மொழி ஆசிரியரானார்! ஜான் மின்ஷு 1599இல் அதை விரிவாக்கினார்.

ஆங்கிலேயர் இம்மொழியில் தடுமாறும் இடங்கள் சில உண்டு. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்', 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நாங்கள்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. தமிழருக்கு இது புதிதல்ல, ஆங்கிலேயருக்குப் புதிது. பால் பாகுபாடோ நமக்கும் சிக்கலே. 'மெசா' (மேசை) பெண்பால், 'லிப்ரோ' (புத்தகம்) ஆண்பால். நம் 'மேசை'யும் போர்ச்சுக்கீசிய 'மெசா'விலிருந்து வந்ததுதான், ஆனால் தமிழில் அது அஃறிணையாகிவிட்டது.

இவற்றைவிடக் கடினமானது 'இரு' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் இருப்பது. முன்னது பொதுவாக இயல்பைச் சொல்லும். பின்னது அப்போதைய நிலையையும் இருக்கும் இடத்தையும் சொல்லும். 'அபுர்ரிதோ' என்ற சொல்லோடு 'எஸ்தார்' சேர்ந்தால் 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்று பொருள். தவறிப்போய் 'செர்' சேர்த்தால் 'நான் பிறருக்குச் சலிப்பூட்டுகிறவன்' என்றாகிவிடும்.

மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்' (நீங்கள்) முன்னிலையைக் குறித்தாலும் படர்க்கை வினையையே ஏற்கும். காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. பெர்சிவல் காலத்தில் வழங்கிய 'வுவெஸ்த்ரா மெர்செத்' (தங்கள் கருணை) என்ற தொடரே நாளடைவில் தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது.