ஒத்தைச் சக்கரமும் சில பெரியவர்களும்

சைக்கிளோட சரித்திரத்தைப் புரட்டினா ஒரு வேடிக்கையான சமாச்சாரம் தட்டுப்படும். அதை முதன்முதலா கத்துக்கிட்டவங்க யாரும் சின்னப் பசங்க இல்லை. எல்லாரும் மீசை வெச்ச, கோட்டு போட்ட பெரியவங்க! குழந்தை சைக்கிள், குரங்கு பெடல் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த கதை.

1817 ஜூன் 12-ம் தேதி, ஜெர்மனியில மன்ஹைம் ஊர்ல கார்ல் ஃபான் டிரைஸ்ங்கிறவர் தன்னோட மர வண்டியில முதல் சவாரி கிளம்பினார். வயசு 32. ரெண்டு சக்கரம் உண்டு, பெடல் கிடையாது. காலால தரையை உந்தி உந்தி ஓட்டணும். தடுமாறினா காலை ஊனிக்கலாம், அதனால பெரிய பயமில்லை.

பிரச்சனை ஆரம்பிச்சது 1860-கள்ல. பாரிஸ்ல முன்சக்கரத்தோட அச்சுலயே பெடலை மாட்டினாங்க. இப்ப ரெண்டு காலும் அந்தரத்துல. எப்படி விழாம போறதுன்னு சொல்லித் தர அண்ணனும் இல்லை, அப்பாவும் இல்லை, ஏன்னா அவங்களுக்கும் தெரியாது! அதனால 1869 வாக்குல அமெரிக்காவுல இந்த மோகம் தலைக்கேறினப்போ, பெரிய கூடங்களை எடுத்து சைக்கிள் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. ஆபீஸ் போற ஆளுங்க காசு கட்டி, நாலு சுவத்துக்குள்ள விழுந்து எழுந்து கத்துக்கிட்டாங்க.

அடுத்து வந்தது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கிற வண்டி. 1884-ல எழுத்தாளர் மார்க் ட்வைன் இதுல ஏறினார். வயசு 48. சைக்கிளோட சேர்த்து ஒரு பீப்பா காயத் தைலமும் வாங்கினதா எழுதியிருக்கார் (மனுஷன் உஷார் :-)). வாத்தியார் வெச்சு எட்டு நாள், தினம் ஒன்றரை மணி நேரம், ஆக மொத்தம் 12 மணி நேரப் பயிற்சின்னு கணக்கு வேற. அதுல அவர் பிடிச்ச விஷயம் முக்கியமானது. எந்தப் பக்கம் விழறோமோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்பணும். புத்திக்கு இது புரிஞ்சாலும் உடம்பு ஒத்துக்காது. அத்தனை வருஷப் பழக்கம் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

பெரியவங்களுக்குக் கஷ்டமே இங்கதான். புதுசா கத்துக்கிறதை விட, பழசை விடறதுதான் பெரும்பாடு.

இதெல்லாம் ஏன் தோண்டறேன்னா, மூணு வாரமா நான் ஒத்தைச் சக்கர சைக்கிள் பழகிட்டிருக்கேன். அபார்ட்மென்ட் பார்க்கிங்ல தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறப்போ, "சர்க்கஸ்ல சேரப் போறியா தம்பி?"ன்னு கேக்காத ஆள் பாக்கி இல்லை. இதுலயும் ட்வைன் வண்டி மாதிரிதான், பெடல் நேரா சக்கரத்தோட சேர்ந்தது. ஃப்ரீவீல், பிரேக், ஹேண்டில்பார் எதுவும் இல்லை. முன்னாடி சாய்ஞ்சா வேகமா மிதிச்சு சக்கரத்தை உடம்புக்குக் கீழே கொண்டு வரணும். பின்னாடி சாய்ஞ்சா மிதியைக் குறைக்கணும். பக்கவாட்டுக்கு இடுப்பைத் திருப்பித்தான் சமாளிக்கணும். சும்மா ஓட்ட வர பத்துல இருந்து பதினஞ்சு மணி நேரம் ஆகும்னு பழகினவங்க பொதுவா சொல்வாங்க. ட்வைனோட 12 மணி நேரம் அதுக்குள்ளயே அடங்குது பாருங்க!

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

அமெரிக்காவுல ஃபிரான்சிஸ் வில்லார்டுன்னு ஒரு அம்மா. மதுவிலக்குக்காகப் போராடின பெண்கள் சங்கத்தோட தலைவி. 1892-ல அவங்க அம்மா இறந்துட்டாங்க. இவங்க உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போச்சு. அந்த நிலைமையில, 53 வயசுல, சைக்கிள் கத்துக்க முடிவு பண்ணினாங்க. வண்டிக்கு கிளாடிஸ்னு பேர் வெச்சு, ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்க, தினம் சுமார் கால் மணி நேரம்னு மூணு மாசம் பழகி, 1895-ல அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டாங்க. அதுல அவங்க கத்துக்கிட்ட வரிசையைப் பார்த்து அசந்துட்டேன். முதல்ல மிதிக்க, அப்புறம் திரும்ப, அப்புறம் இறங்க, கடைசியாத்தான் ஏற! ஒத்தைச் சக்கரத்துலயும் எதையும் பிடிக்காம ஏறி உக்கார்றது ஓட்ட வந்த பிறகுதான் வரும்.

அதே 1895-ல ரஷ்யாவுல டால்ஸ்டாய். பிப்ரவரியில, ஏழு வயசு நிரம்பாத கடைசிப் பையன் வான்யா காய்ச்சல்ல போய்ட்டான். அடுத்த சில வாரத்துல, 66 வயசுல, மாஸ்கோவுல சைக்கிள் பழக ஆரம்பிச்சார். இந்த வயசுல, இப்படிப்பட்ட மகானுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கூட இருந்தவங்களுக்கே உறுத்தல். அவரோ, ஒரு சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்படறதுல தப்பில்லைன்னு டைரியில எழுதி வெச்சார்.

ரெண்டு பேருமே பெரிய இழப்புக்கு அப்புறம்தான் சக்கரத்துக்கிட்ட வந்தாங்க. ஏன்னு எனக்குத் தோணறது இதுதான். விழாம இருக்கணும்கிற அந்த அஞ்சு நிமிஷம் வேற எதையும் நினைக்க முடியாது. மனசுக்கு அது எவ்வளவு பெரிய விடுமுறை!

நம்ம ஊர் கதையைச் சொல்லாம முடிச்சா நியாயமில்லை. 1990-களோட தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. எழுத்தும் அப்பத்தான், சைக்கிளும் அப்பத்தான். ஒரு லட்சத்துக்கும் மேல கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். ஊர் கேலி பேசுச்சு, அவங்க நிறுத்தலை. பஸ்ஸுக்குக் காத்திருக்கறதும், எங்க போகணும்னாலும் அப்பாவையோ புருஷனையோ எதிர்பார்க்கறதும் குறைஞ்சது.

எனக்கு ஒத்தைச் சக்கரம் பொழுதுபோக்கு. அவங்களுக்கு அது அன்னாட வாழ்க்கை. ஆனா ஒரு விஷயம் எல்லாருக்கும் பொது. அந்த 1869 கூடத்துல இருந்து புதுக்கோட்டை வரைக்கும் பெரியவங்களைக் கத்துக்க வெச்சது வளையற எலும்பு இல்லை. விழறதுக்கு ஒரு இடம், பிடிச்சுக்க ஒரு ஆள், கூட விழ நாலு பேர். குழந்தைங்களுக்கு இது தானா கிடைக்குது, நமக்கு நாமளே ஏற்பாடு பண்ணிக்கணும். அவ்ளோதான் வித்தியாசம்.

புதுக்கோட்டையில சில பெண்களுக்கு, கம்பி வெச்ச ஆம்பளைங்க சைக்கிள்தான் பிடிச்சிருந்ததாம். ஏன் தெரியுமா? அந்தக் கம்பியில குழந்தையை உக்கார வெச்சுக்கலாமே!