இந்திய வேளாண்மையில் உரப் பயன்பாடு

இந்திய வேளாண்மையில் உரப் பயன்பாடு என்பது இந்திய உழவர்கள் பயிர்களுக்கு இடும் வேதி உரங்களின் அளவும் விகிதமும் காலப்போக்கில் மாறிவந்த வரலாற்றைக் குறிக்கும். 1951-52இல் சுமார் 66 ஆயிரம் டன்னாக இருந்த பயன்பாடு, 2020-21இல் சுமார் 325 லட்சம் டன்னாக உயர்ந்தது. இவ்வளவுகள் உரத்தில் அடங்கியுள்ள தழைச்சத்து (நைதரசன்), மணிச்சத்து (பாஸ்பரசு), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றின் கூட்டு எடையாகும்.

தொடக்க காலம்

தொழுவுரம், பசுந்தாள் உரம், ஏரி வண்டல், ஆட்டுக்கிடை ஆகியவையே நெடுங்காலம் நிலத்துக்கு வளமூட்டின. நாட்டின் முதல் உரத் தொழிற்சாலை 1906இல் இன்றைய தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் அமைக்கப்பட்டது. அங்கு சூப்பர் பாஸ்பேட்டு உற்பத்தி செய்யப்பட்டது. விடுதலைக்குப் பின், 1951இல் சிந்திரியில் (இன்றைய சார்க்கண்டு) அரசுத் தொழிற்சாலை அம்மோனியம் சல்பேட்டு உற்பத்தியைத் தொடங்கியது.

பசுமைப் புரட்சி

பழைய உயரமான நெல், கோதுமை வகைகளுக்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் தண்டு நீண்டு, கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். குட்டை வகைகள் சாயாமல் நின்று, கூடுதல் உரத்தைக் கூடுதல் மணிகளாக மாற்றின. 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது. 1965-66இல் 8 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த உரப் பயன்பாடு, 1991-92இல் சுமார் 127 லட்சம் டன்னாயிற்று.

விலைக் கொள்கையும் சத்து விகிதமும்

1977இல் அரசு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு விலையை நிர்ணயித்து, அதற்கும் உழவர் செலுத்தும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை மானியமாக வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. மானியச் செலவு பெருகியதால் 1992 ஆகத்து மாதத்தில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவின் கட்டுப்பாடு மட்டும் தொடர்ந்தது. மற்ற உரங்களின் விலை ஏறியதால் உழவர்கள் மலிவான யூரியாவை நாடினர். 1991-92இல் 5.9:2.4:1 என இருந்த தழை, மணி, சாம்பல்சத்து விகிதம், 1992-93இல் 9.5:3.2:1 ஆகியது. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் விகிதம் 4:2:1 ஆகும். எனினும் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ப இது வேறுபடும்.

2010 ஏப்ரலில் சத்தின் அடிப்படையிலான மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதிலும் யூரியா சேர்க்கப்படாததால் 2009-10இல் 4.3:2:1 என இருந்த விகிதம் 2012-13இல் 8.2:3.2:1 எனச் சரிந்தது.

விளைவுகள்

பயிர் ஏற்காத தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. மற்றொரு பகுதி நைத்திரேட்டாக நிலத்தடி நீரைச் சேர்கிறது. முதன்மைச் சத்துகளை மட்டும் இட்டு ஆண்டுதோறும் மிகுவிளைச்சல் எடுக்கும் நிலத்தில் நுண்சத்துகள் குறைகின்றன. 1966இல் பந்த்நகர்ப் பகுதியில் நெற்பயிரைத் தாக்கிய 'கைரா' நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

திருத்த முயற்சிகள்

2015இல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. சத்து மெதுவாக வெளிப்படவும், யூரியா வேறு தொழில்களுக்குத் திருப்பப்படுவதைத் தடுக்கவும் அதே ஆண்டில் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. 2018இல் யூரியா மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. ஆனால் யூரியாவுக்கும் மற்ற உரங்களுக்கும் இடையிலான விலை இடைவெளியை இந்நடவடிக்கைகள் மாற்றவில்லை.