துண்டு

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் காகிதம். தோட்டத்தின் பெயர், ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியின் பெயர், அவனிடம் எத்தனை ஆள், எல்லார் தலையிலும் சேர்ந்து எவ்வளவு கடன், கீழே துரையின் கையெழுத்து. இந்தத் தொகையைக் கட்டுகிறவருக்கு இந்த ஆட்களை விட்டுத்தருகிறேன் என்பது அதன் சாரம். துண்டு என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குத் தோளில் போடுவதுதான் நினைவுக்கு வரும். இலங்கையின் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் அது ஒரு குடும்பத்தின் விலை. வெள்ளைக்காரத் துரைமாரும் வேறு பெயர் தேடாமல் துண்டு என்றே சொன்னார்கள்.

துண்டு எழுதப்படுவதற்கு முன்பே கடன் பிறந்துவிடும். ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். லயம் எனும் வரிசை வீட்டுக் காம்பராவில் முதல் அடுப்பு மூட்டும்போதே ஆள் கடனாளி. சொல்லாமல் போனால் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. சொல்லிக்கொண்டு போக வேண்டுமானால் துண்டு வேண்டும். கங்காணி அதை மடியில் செருகிக்கொண்டு, ஆள் பற்றாத தோட்டம் தேடிப் போவான். அங்குள்ள துரை பழைய கடனைக் கட்டி, கங்காணிக்குக் கொஞ்சம் மேலும் கொடுப்பார். அதுவும் ஆட்களின் பற்றில்தான் ஏறும். அடுத்த துண்டில் தொகை இன்னும் கூடியிருக்கும்.

காசு கட்டி ஆளை வெளியேற்றும் இந்தக் கணக்கு எனக்குப் பஸ்கா பண்டிகையை நினைவூட்டும். யூதர்கள் பஸ்கா இரவில் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வெளியேறிய கதையைச் சொல்வார்கள். அதற்கு முன் புளிப்பில்லாத அப்பத்தைக் காட்டி, பசித்தவரெல்லாம் வாருங்கள் என்று அழைப்பார்கள். பண்டிகைக்கு முன்பே ஏழை வீட்டுக்கு மாவு போய்ச் சேர ஊரே காசு திரட்டுவது பழைய வழக்கம். சிறைப்பட்டவரைப் பணம் கொடுத்து மீட்பதைத் தருமங்களிலெல்லாம் பெரிதென்று வைத்தார், 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ். துண்டுக்கும் ஒருவர் பணம் கட்டத்தான் செய்தார். கட்டியது அடுத்த துரை, மீட்டது தன் தோட்டத்துக்கு. வெளியேறுவதையே விடுதலை என்று இங்கே எண்ண முடியவில்லை.

இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் 1919-இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துப் போராடினார். 1921-இன் 43-ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. காகிதம் மட்டும் வேறு வேடத்தில் வந்துகொண்டே இருந்தது. வேலை நிறுத்திக் கொடுத்த பத்துச்சீட்டு அதில் ஒன்று. துண்டாவது போக ஓர் இடம் காட்டியது, பத்துச்சீட்டு அதைக்கூடக் காட்டவில்லை.

கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்துக்கு 1946-இல் வந்தது வெளியேறும் கட்டளை. கிராமத்தாருக்குப் பகிர்ந்தளிக்க அரசு எடுத்துக்கொண்ட ரப்பர்த் தோட்டம் அது. தொழிலாளர்கள் காம்பராக்களை விட்டு நகரவில்லை. அத்துமீறி இருப்பதாக வழக்குகள் பாய்ந்தன. அப்போது சுற்றுத் தோட்டங்களில், தங்களுக்குக் கட்டளை எதுவும் வராதவர்களும் வேலைக்குப் போக மறுத்தார்கள். அன்றாடம் வேலைக் கணக்கில் பேர் விழுந்தால்தான் அரிசி என்றிருந்தவர்கள், முகம் தெரியாத லயத்துக்காரருக்காகத் தங்கள் பேரை விட்டார்கள். பஸ்காவின் மாவுக் காசுக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் இருப்பது இதுதான்.

அந்த வழக்குகளில் ஒன்று மேல்முறையீட்டில் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. தன் வீட்டில் தொடர்ந்து இருப்பதே வழக்கில் தண்டிக்கப்பட்ட தொழிலாளியின் நோக்கம், யாருக்கும் தொல்லை கொடுப்பதல்ல என்று சொல்லித் தண்டனையை ரத்துசெய்தார்கள். அது 1950. அதற்குள் 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு அடுத்த வருடமே இன்னொரு காகிதமும் வந்திருந்தது, குடியுரிமை விண்ணப்பம். கலியாணமானவர் தொடர்ந்து ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இங்கே இருந்ததற்குச் சான்று காட்டச் சொன்னது.