பிறபொருளெதிரி கண்ட வாங்கி

பொருளைக் கண்டபின் பெயரிடுதல் உலக வழக்கு. பெயரிட்டபின் பொருளைத் தேடிச் செல்லுதலும் விஞ்ஞான வரலாற்றில் உண்டு. கலத்தின் மேற்புறத்தில் அமைந்து, புறத்திலிருந்து வருஞ் செய்தியை ஏற்று உள்ளே செலுத்தும் புரதத்தை இன்று வாங்கி என்கின்றோம். அதனைக் கண்டறிய ஆய்வுகூடங்களிற் பெரிதும் கையாளப்படுவது பிறபொருளெதிரி. தேடப்படும் பொருளும் தேடுங் கருவியும் தொடக்கத்தில் ஒரே கொள்கைக்குள் அடங்கியிருந்தன. வரலாறு கற்பிக்கும் எனக்கு விஞ்ஞானம் தூரத்து உறவே. எனினும் இச்செய்தி என்னை விடாது ஈர்த்தது.

1890 ஆம் ஆண்டிற் பேர்லினில் பெரிங், கிட்டசாட்டோ என்னும் இருவர், ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகியவற்றுக்கு எதிராகப் பழக்கப்பட்ட விலங்கின் குருதிநீர் அந்நோய்களின் நஞ்சை முறிக்கும் எனக் காட்டினர். அக்குருதிநீரின் வலிமையை அளத்தற்கு முறை வகுத்தவர் போல் ஏர்லிக். அளவையில் ஈடுபட்ட அவர், அதற்கு விளக்கமும் தேடினார். கலத்திற் பக்கச் சங்கிலிகள் உள. நஞ்சு அவற்றைப் பற்றுகின்றது. பற்றப்பட்டவற்றுக்கு ஈடாகக் கலம் மிகுதியாக ஆக்குகின்றது. மிகுந்தவை கழன்று குருதியிற் கலந்து நஞ்சைத் தடுக்கின்றன. 1897 இல் அவர் வெளியிட்ட கொள்கை இது. கலத்தில் இருக்கும்பொழுது வாங்கி, கழன்றால் பிறபொருளெதிரி. எல்லாக் கலங்களும் இவ்வாறு செய்யும் என அவர் எண்ணியது பிழை. ஆயினும் பிறபொருளெதிரியைச் சுரக்கும் வழியில் வந்த வெண்குருதிக் கலங்கள் அதே வடிவத்தை முதலில் தம் மேற்புறத்தில் வாங்கியாகத் தாங்குகின்றன எனப் பிற்காலம் கண்டது. பிழையின் நடுவே இத்துணை உண்மை அமைந்தமை வியப்பன்றோ!

1905 இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பார், நிக்கொட்டின், கியுராரே என்னும் நஞ்சுகள் தசையிற் செயற்படும் வகையை ஆராய்ந்து, கலத்தில் ஏற்குந் தன்மையுள்ள பொருளொன்று இருத்தல் வேண்டும் என முடிவு செய்தார். வேறு வழியே சென்று அவரும் அதே இடத்தை அடைந்தார் எனலாம். ஆனால் நெடுங்காலம் வாங்கி ஊகமாகவே நின்றது. அதைப் பிரித்தெடுத்துக் காட்டற்கு, அதனை மட்டும் பற்றுங் கருவி வேண்டியிருந்தது. விலங்கின் குருதிநீரிலோ பலவகை எதிரிகள் கலந்திருக்கும்.

இக்குறையை நீக்கியோர் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவர். இவர்கள் பணியாற்றியதும் கேம்பிரிட்ஜே. சுண்டெலியின் மண்ணீரலிலுள்ள எதிரியாக்குங் கலத்தையும், அழியாது பெருகும் புற்றுநோய்க் கலத்தையும் இணைத்து, ஒரே வகை எதிரியை ஓயாது தருங் கலவழியை 1975 இல் உருவாக்கினர். அம்முறைக்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை. 1984 இல் ஜேர்னே என்பாருடன் நொபெல் பரிசு பெற்றனர்.

புதிய கருவி வந்தபின்னும் பழையது பயன்பட்டது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் வைன்பேர்க் என்பாரின் ஆய்வுகூடத்தில், பம்பாயிலிருந்து சென்ற இலட்சுமி சரண் பாதி முதலியோர், எலியின் நரம்புக் கட்டியிலிருந்து பெற்ற பரம்பரைப் பொருளைச் சுண்டெலிக் கலங்களிற் செலுத்தினர். அக்கலங்களாற் கட்டியுற்ற சுண்டெலிகளின் குருதிநீர், 185,000 மூலக்கூற்று நிறையுள்ள புரதமொன்றைப் பற்றியிழுத்தது. இது 1982 இல் வெளியாயிற்று. அப்புரதம் கலவளர்ச்சிச் செய்தியை ஏற்கும் வாங்கியொன்றின் உறவு என 1984 இல் தெளிந்தது. நோயுற்ற உயிரின் குருதியே அந்நோயின் வேரைச் சுட்டியது எனலாம்.

மனிதரிடத்து ஹேர்-2 எனப்படுவது அதுவே. 1987 இல் சிலாமன் முதலியோர், 189 மார்புப் புற்றுக் கட்டிகளுள் ஏறக்குறைய 30 வீதத்தில் அதன் பரம்பரையலகு பெருகியிருத்தலையும், அத்தகைய நோயாளர் விரைவில் நலிதலையும் காட்டினர். இவ்வாங்கியைத் தடுக்கும் சுண்டெலி எதிரி மனித வடிவுக்கு மாற்றப்பட்டு, 1998 செப்டெம்பர் 25 இல் ஹேர்செப்டின் என்னும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாங்கியைக் கண்டறியும் எதிரிச் சோதனையும் அன்றே அனுமதிக்கப்பட்டது. மருந்தும் எதிரி, மருந்துக்குரியாரைத் தெரிவதும் எதிரி.

சோதனையின் இயல்பை ஈண்டு நோக்குதல் தகும். கட்டியின் மெல்லிய சீவலின்மேல் எதிரியை இட்டு, அது பற்றிய இடத்தைக் கபில நிறங் கொள்ளச் செய்வர். நுணுக்குக்காட்டியிற் பார்ப்பவர் அந்நிறத்துக்கு 0 முதல் 3 வரை புள்ளியிடுவர். 3 பெற்றார்க்கு மருந்து; 2 ஐயம்; ஏனையோர்க்கு இல்லை. புள்ளியிடுவதோ மனிதக் கண். பல ஊர்களிற் செய்த சோதனைகளை மைய ஆய்வுகூடம் மீளச் செய்தபொழுது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உறுதிப்படவில்லை என 2002 இல் அறியவந்தது. எதிரி ஒன்றேயாயினும் சீவலைப் பதப்படுத்தும் முறையும் பார்ப்பவர் பயிற்சியும் ஒன்றல்ல. மருந்து வேண்டியவர்க்கு மறுக்கப்படுதலும், வேண்டாதவர் இதயத்தை அது வாட்டுதலும் இங்கே நேரக்கூடும்.

2 பெற்றவற்றுக்குப் பரம்பரையலகின் பிரதிகளை எண்ணும் வேறொரு சோதனை செய்யப்படுகின்றது. 0 க்கும் 1 க்குமுள்ள வேறுபாட்டை நெடுங்காலம் எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. இரண்டுக்கும் விடை 'இல்லை' என்பதே. 2022 இல், அதே எதிரியுடன் கலங்கொல்லும் மருந்தைப் பிணைத்துச் செய்த புதிய மருந்து, பரவிய மார்புப் புற்றுநோயில் 1 பெற்ற நோயாளர்க்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் பழைய கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்து, அந்த மங்கலான கபில நிறத்தைத் தேடலாயினர்.